காற்புள்ளி ஏன் 'இ' ஆனது?

இலங்கையில் வெளிவந்த தமிழ் அறிக்கைகளையும் புலம்பெயர்ந்தோர் நடத்திய இதழ்களின் பழைய பக்கங்களையும் இணையத்தில் படிப்பவர்கள் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள்: 'கல்விஇ சுகாதாரம்இ போக்குவரத்து ஆகிய துறைகளில்'. சொற்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். காற்புள்ளி விழவேண்டிய இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும், ஓர் 'இ' உட்கார்ந்திருக்கும். வேறு சில பக்கங்களில் 'கூட்டம்' என்ற சொல் '$ட்டம்' என்று நிற்கும். இன்னும் சிலவற்றில் 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகி, எழுத்தின் தலையில் புள்ளி தடுமாறிக்கொண்டிருக்கும்.

தட்டச்சு செய்தவர் மீது பழிபோட முடியாது. மனிதர் தவறினால் ஓரிடத்தில் தவறுவார், அடுத்த வரியில் சரியாக அடிப்பார். ஒரே பிழை நூறு பக்கத்திலும் ஒன்றுபோல விழுந்திருந்தால், அதைச் செய்தது ஏதோ ஒரு விதி. அந்த விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், கணினியில் மிக எளிதாகத் தோன்றும் ஒரு வேலைக்குள் போய் நிற்போம். கையில் ஒரு மாற்றுப் பட்டியல் இருக்கிறது. இடப்பக்கம் தேடவேண்டியது, வலப்பக்கம் அதற்குப் பதில் இடவேண்டியது. கோப்பில் இடப்பக்கத்தவற்றை எல்லாம் வலப்பக்கத்தவையாக மாற்றவேண்டும். இவ்வளவுதான் வேலை.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். யூனிகோடு பரவுவதற்கு முன், கணினியில் தமிழ் எழுதுவது ஒரு வகையான வேடம். ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளின் படத்தை வரைந்து ஓர் எழுத்துருவைச் செய்வார்கள். ஈழத்தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு அப்படிப்பட்டது. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பை ஒட்டியது. சிறிய ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்துகளை அடித்து ஓர் அரைப்புள்ளியையும் போட்டால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஜே இருக்கையில் த, கே-யில் ம, பி-யில் இகரக் கொம்பு, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. ஆனால் கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தாம். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். தேடுபொறிக்கோ அது தமிழ் என்றே தெரியாது.

1991இல் வந்த யூனிகோடு ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனக்கென ஓர் எண் கொடுத்தது. த-வுக்கு ஓர் எண், இகரக் கொம்புக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். எந்த எழுத்துருவில் திறந்தாலும் த என்பது த-வாகவே இருக்கும். இன்று நாம் கைப்பேசியில் அடிப்பதும் தேடுவதும் இதில்தான். எனவே பாமினியில் கிடக்கும் பழைய நாளேடுகள், கோயில் மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள், அமைப்புகளின் அறிக்கைகள் எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லையேல் அவை இருந்தும் இல்லாதவை. திரும்பத் தட்டச்சு செய்ய ஆள் கிடையாது. ஆகவே பட்டியல்: ஜே வந்தால் த, கே வந்தால் ம, இப்படிச் சில நூறு வரிகள்.

இந்த வேலைக்குப் பலரும் எடுக்கும் கருவி பெர்ல். 1987 டிசம்பரில் லாரி வால் வெளியிட்ட நிரல்மொழி அது. அவர் மொழியியல் படித்தவர். உரையைத் தேடுவது, வெட்டுவது, மாற்றுவது ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடும்படி அந்த மொழியைக் கட்டினார். 'இதைக் கண்டால் அதை இடு' என்ற கட்டளைக்கு பெர்லில் ஓர் எழுத்தும் மூன்று சாய்கோடுகளும் போதும். பட்டியலை வைத்துக்கொள்ள 'ஹாஷ்' என்ற அமைப்பு மொழியிலேயே உண்டு. அதில் இடப்பக்கச் சொல்லைத் 'திறவுகோல்' என்றும் வலப்பக்கத்தை 'மதிப்பு' என்றும் சொல்கிறோம். திறவுகோலைக் கொடுத்தால் மதிப்பு வரும். பட்டியலை வரிவரியாக ஓட்டிப் பார்த்து அது கண்டுபிடிப்பதில்லை. திறவுகோலின் எழுத்துகளைக் கொண்டு ஒரு கணக்குப் போடும். வரும் எண், மதிப்பு இருக்கும் அறையைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பட்டியலில் முந்நூறு வரி இருந்தாலும் மூன்று லட்சம் இருந்தாலும் ஒரு சொல்லைப் பார்க்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

இனி, முதன்முதலில் எழுதுபவர் எல்லோரும் எழுதும் நிரல். பட்டியலின் முதல் விதியை எடு, கோப்பு முழுவதும் மாற்று. இரண்டாவது விதியை எடு, கோப்பு முழுவதும் மாற்று. இப்படிக் கடைசி வரை. படிக்கும்போது இதில் குறையே தெரியாது. ஆனால் 'இ' பிறந்தது இங்கேதான்.

பாமினியில் காற்புள்ளியின் இருக்கையை இ எடுத்துக்கொண்டது. அதனால் உண்மையான காற்புள்ளி வேண்டுமென்றால் > என்ற குறியை அடிக்கவேண்டும். ஆகப் பட்டியலில் இரண்டு வரிகள் இருக்கும். > வந்தால் காற்புள்ளி. காற்புள்ளி வந்தால் இ. முதல் விதி முந்தி ஓடினால் கோப்பிலுள்ள > எல்லாம் காற்புள்ளியாகும். பிறகு இரண்டாவது விதி வரும். அதன் கண்ணுக்குப் பழைய காற்புள்ளி எது, இப்போதுதான் பிறந்த காற்புள்ளி எது என்று தெரியாது. எல்லாவற்றையும் இ ஆக்கிவிடும்.

சமையலறையில் அரிசி டப்பாவில் இருப்பதைப் பருப்பு டப்பாவில் கொட்டு, அடுத்துப் பருப்பு டப்பாவில் இருப்பதை உளுந்து டப்பாவில் கொட்டு என்று ஒருவரிடம் வரிசையாகச் சொன்னால் என்ன ஆகும்? அரிசி இரண்டு தாவலில் உளுந்து டப்பாவுக்குப் போய்விடும், பருப்போடு கலந்து. அரிசியையும் பருப்பையுமாவது உட்கார்ந்து பொறுக்கிப் பிரிக்கலாம். இரண்டு காற்புள்ளிகள் இ ஆன பின், எது எதிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கோப்பில் எந்தத் தடயமும் மிஞ்சாது.

அப்படியானால் விதிகளின் வரிசையை மாற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றும். காற்புள்ளி விதி முந்தி, > விதி பிந்தி. இந்த ஒரு சோடிக்கு அது செல்லும். ஆனால் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லாப் பட்டியலுக்கும் நல்ல வரிசை இருக்காது. ஓர் ஊரில் 12ஆம் வட்டாரமும் 13ஆம் வட்டாரமும் எண் மாற்றிக்கொள்கின்றன என்று வையுங்கள். 12 வந்தால் 13, 13 வந்தால் 12. எந்த விதியை முதலில் ஓட்டினாலும் முடிவில் எல்லாம் ஒரே வட்டாரமாகிவிடும்.

இரண்டாவது சிக்கல், பெர்லில் ஹாஷுக்கு வரிசையே கிடையாது. நீங்கள் எழுதிய வரிசையில் அது வைத்துக்கொள்வதில்லை. அதிலும் 2013இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசை மாறும். இது பாதுகாப்புக்காகச் செய்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003இல் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். திறவுகோலிலிருந்து அறையின் எண்ணைக் கணக்கிடும் முறை வெளியாருக்குத் தெரிந்தால், எல்லாம் ஒரே அறையில் விழும்படி திறவுகோல்களைப் பொறுக்கி அனுப்பி, ஒரு சேவையகத்தைத் திணறடிக்கலாம். அதைத் தடுக்க, கணக்கில் ஒரு தற்செயல் எண்ணும் சேர்ந்தது. விளைவு: விதி விதியாக ஓடும் நம் நிரல், இன்று காலையில் காற்புள்ளியைச் சரியாகவும் மாலையில் இ ஆகவும் தரக்கூடும். அதே நிரல், அதே கோப்பு, அதே பட்டியல். இதைவிடப் பிடிபடாத பிழை வேறில்லை. சோதித்தபோது சரியாக இருந்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார், அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

தீர்வு, கேள்வியைத் திருப்பிப்போடுவதில் இருக்கிறது. விதியைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பு முழுவதும் அலைவதை விட்டு, கோப்பின்மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒரே ஒருமுறை நகரவேண்டும். விரல் நிற்கும் இடத்தில் பட்டியலின் எந்தத் திறவுகோலாவது தொடங்குகிறதா? தொடங்கினால் அதன் மதிப்பை வேறொரு தாளில் எழுது. விரலை அந்தத் திறவுகோலுக்கு அப்பால் நகர்த்து. எதுவும் இல்லையென்றால் உள்ளதை அப்படியே படியெடுத்து ஓர் எழுத்து நகர். எழுதிய தாளைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. > இருந்த இடத்தில் காற்புள்ளி ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அது இனி யார் கண்ணிலும் படாது. விதிகளின் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. 12ஆம் வட்டாரமும் 13ஆம் வட்டாரமும் சண்டையில்லாமல் இடம் மாறிக்கொள்ளும்.

பெர்லில் இதைச் செய்ய நான்கைந்து வரிகள் போதும். பட்டியலின் திறவுகோல்களை எல்லாம் எடுத்து, நடுவே | என்ற கோட்டை இட்டுக் கோத்து, 'இதுவோ அதுவோ உதுவோ' என்று பொருள்படும் ஒரே தேடுவடிவமாக ஆக்குகிறோம். இத்தகைய வடிவத்தைத் தமிழ்க் கணினி எழுத்தாளர்கள் சுருங்குறித்தொடர் என்கிறார்கள். பிறகு ஒரே மாற்றுக் கட்டளை: இந்த வடிவத்தில் எது சிக்கினாலும், சிக்கியதை ஹாஷில் பார்த்து அதன் மதிப்பை இடு. ஹாஷின் வேகமும் சுருங்குறித்தொடரின் தேடலும் இங்கே கைகோக்கின்றன.

இந்தக் கோத்தலில் ஒரு கண்ணி உண்டு. சுருங்குறித்தொடருக்குள் சில குறிகளுக்குத் தனிப்பொருள் இருக்கிறது. $ என்றால் வரியின் முடிவு. [ என்றால் எழுத்துத் தொகுதியின் தொடக்கம். பாமினியில் $ என்பது கூ. [ என்பது ஜ. எச்சரிக்கை இல்லாமல் கோத்தால், $ குறியை பெர்ல் கூ-வாகத் தேடாது, வரி முடிகிற இடத்தைத் தேடும். கோப்பிலுள்ள $ தீண்டப்படாமல் நிற்கும். '$ட்டம்' இப்படியும் பிறக்கும். [ இன்னும் மோசம். சோடி ] எங்கும் இல்லையென்றால் நிரல் நின்றுவிடும், அது நல்லது, பிழை தெரிந்துவிடும். ஆனால் பாமினியில் ] என்பது ஸ. அதுவும் பட்டியலில் பின்னால் எங்கோ இருந்தால், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவை எல்லாம் ஒரு தொகுதியாகி, நிரல் சத்தமில்லாமல் தவறாக ஓடும். ஒவ்வொரு திறவுகோலிலும் உள்ள தனிப்பொருள் குறிகளை 'வெறும் எழுத்தாகப் பார்' என்று முடக்குவதற்கு பெர்லில் ஒரு செயற்கூறு உண்டு. கோப்பதற்கு முன் அதை ஓட்டிவிடவேண்டும்.

இனி, தமிழுக்கே உரிய இடத்துக்கு வருவோம். நாம் 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது. பாமினி கண்ணுக்குத் தெரிவதையே பின்பற்றியது. கொம்புக்கான சிறிய என் முதலில், க-வுக்கான எஃப் பின்னால். யூனிகோடு ஒலிப்பு முறையைப் பின்பற்றியது. க முதலில், எகரக் குறி பின்னால். எனவே எழுத்துக்கு எழுத்து என்று மாற்றினால் கொம்புகள் எல்லாம் முந்தின எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். இதற்காகப் பட்டியலில் 'கெ' முழுவதற்கும் ஒரு வரி, 'கே'-க்கு ஒரு வரி, 'கை'-க்கு ஒரு வரி என்று சேர்ந்தெழுதுகிறோம். 'கொ' என்றால் மூன்று எழுத்துகள்: என், எஃப், எச். எச் என்பது கால். பதினெட்டு மெய்க்கும் எகரம் முதல் ஔகாரம் வரை ஆறு வீதம் 108 வரிகள் ஆகின்றன. கிரந்த எழுத்துகள் தனி.

இப்போது விரல் 'கொ' தொடங்கும் இடத்தில் நிற்கிறது. பட்டியலில் என்-எஃப் என்ற திறவுகோலும் பொருந்துகிறது, என்-எஃப்-எச் என்பதும் பொருந்துகிறது. எதை எடுப்பது? பெர்லின் விதி: கோத்த வரிசையில் எது முதலில் பொருந்துகிறதோ அது. பெர்ல் பலவற்றைக் கடன்வாங்கிய 'செட்', 'ஆக்' போன்ற முந்தைய யூனிக்ஸ் கருவிகள் இந்த இடத்தில் நீளமானதையே தேர்ந்தெடுக்கும். பெர்ல் அப்படிச் செய்யாது. ஆகவே கோப்பதற்கு முன் திறவுகோல்களை நீளம் குறையும் வரிசையில் நாமே அடுக்கவேண்டும். விதிகளின் வரிசையை ஒழித்துவிட்டோம் என்று சொன்ன பிறகு மீண்டும் ஒரு வரிசை வருகிறதே என்று கேட்கலாம். இது வேறு. இந்த வரிசையைத் திறவுகோலின் நீளமே தீர்மானிக்கிறது. பட்டியலை எழுதியவர் எதை முன்னால் வைத்தார் என்பது பொருட்டில்லை.

நீளத்தை அடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான செய்தி. விரல் என்-எஃப் என்பதை எடுத்து 'கெ' என்று எழுதும். மிஞ்சிய எச் காலாக மாறும். கோப்பில் க, எகரக் குறி, கால் என்று மூன்று எண்கள் விழும். சரியான 'கொ' என்பது க-வும் ஒகரக் குறியும், இரண்டே எண்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாளில் அச்சடித்தால் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் எண்களை அப்படியே ஒப்பிடும் நிரலில் 'கொழும்பு' என்று தேடிப் பாருங்கள், கண்ணெதிரே இருக்கும் 'கொழும்பு' அகப்படாது. அகராதி வரிசையும் குலையலாம். சொல் எண்ணிக்கையில் ஒரே சொல் இரண்டு சொல்லாகும். மெய்ப்புப் பார்ப்பவர் எத்தனை முறை படித்தாலும் இந்தப் பிழை பிடிபடாது.

யூனிகோடை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். இவ்விரு வடிவங்களும் ஒன்றே என்று தரத்திலேயே எழுதி, ஒன்றை மற்றொன்றாக ஆக்கும் முறையையும் வகுத்திருக்கிறார்கள். இயல்பாக்கம் என்று அதைச் சொல்லலாம். 2002இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து பெர்லோடு சேர்ந்தே அதற்கான கூறு கிடைக்கிறது. மாற்றம் முடிந்ததும் கோப்பை ஒருமுறை இயல்பாக்கத்துக்குள் ஓட்டிவிட்டால் இந்த வகைப் பிழை போய்விடும். அடுக்குவதைச் சரியாகச் செய்திருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். சில நூறு திறவுகோல்களை ஒவ்வோர் இடத்திலும் ஒப்பிடுவது நேரம் தின்னுமே என்ற கவலைக்கு 1975இலேயே விடை வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் நூல்விவரத் தேடலுக்காக ஒரு வழி கண்டார்கள். எல்லாத் திறவுகோல்களையும் ஒரு கிளைமரமாக அமைப்பது. ஒரே எழுத்தில் தொடங்குபவை ஒரே கிளையில் கூடியிருக்கும், வேறுபடும் இடத்தில் பிரியும். உரையை ஒருமுறை ஓட்டினாலே எல்லாச் சொற்களையும் ஒருசேரத் தேடிவிடலாம். பெர்லின் 5.10 பதிப்பு, மொழி பிறந்து இருபதாண்டு நிறைந்த 2007 டிசம்பரில் வந்தது. அதிலிருந்து, நாம் | இட்டுக் கோத்த வடிவத்தைப் பெர்ல் தானே கிளைமரமாக மாற்றிக்கொள்கிறது.

'வௌ்ளம்' மிச்சம் இருக்கிறது. பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ள என்ற எழுத்தும் ஒரே இருக்கை: எஸ். எனவே 'கௌ' என்பதும் 'கெ' என்று எழுதிப் பக்கத்தில் ள போடுவதும் கோப்புக்குள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இன்றும் பலர் 'கெளரவம்', 'பெளர்ணமி' என்று ள போட்டு அடிக்கிறார்களே, அந்தக் குழப்பத்தின் உறவுதான் இது. பட்டியலில் 'என்-டி-எஸ் வந்தால் வௌ' என்று ஒரு வரி வைத்து, நீளமானதே முதலில் என்ற விதியையும் போட்டால், 'வௌவால்' சரியாக வரும். 'வெள்ளம்', 'வெளி', 'வெள்ளி' எல்லாம் உடையும்.

இதைத் தமிழ் எழுத்திலக்கணமே தீர்த்துவைக்கிறது. ஔகாரக் குறி ஏறிய எழுத்துக்கு அப்பால் உடனே ஒரு மெய்ப்புள்ளி வரமுடியாது. காலோ இகரக் கொம்போ ஈகாரக் கொம்போ வரமுடியாது. இவை எல்லாம் தாங்கி நிற்க ஒரு மெய்யெழுத்து வேண்டும். ஆக எஸ்-ஸை அடுத்து இந்த நான்கில் ஒன்று வந்தால், அந்த எஸ் ள-வாகத்தான் இருக்கவேண்டும். ஐயத்துக்கே இடமில்லை. இதைப் பட்டியலில் கூடுதல் வரிகளாகவே எழுதிவிடலாம். 'வெள்' என்ற நான்கெழுத்துக்கு ஒன்று, 'வெளி'-க்கு ஒன்று, 'வெளீ', 'வெளா'-வுக்கு ஒவ்வொன்று. பதினெட்டு மெய்க்கும் இப்படி 72 வரிகள். கையால் எழுதவேண்டாம், பெர்லே எழுதித்தரும். நீளமானவை முதலில் பார்க்கப்படுவதால், நான்கெழுத்து வரி பொருந்தினால் மூன்றெழுத்து 'வௌ' வாய்ப்பே பெறாது. 'வெளு' போன்றவற்றில் சிக்கலே எழாது, ளு-வுக்கு பாமினியில் பெரிய எஸ் என்ற தனி இருக்கை உண்டு.

இவற்றுக்குப் பிறகும், புள்ளியும் கொம்பும் இல்லாத வெறும் ள எகரத்தை அடுத்து வரும் இடம் ஐயமாகவே நிற்கும். அப்படிப்பட்ட தமிழ்ச் சொற்கள் அரிது என்பதால் ஔ என்று எடுத்துக்கொள்வது நியாயம். ஆனால் நிரல் அந்த இடங்களை எல்லாம் தனிக்கோப்பில் எழுதிவைக்கட்டும். தமிழறிந்த ஒருவர் படித்து முடிவு சொல்லவேண்டிய இடம் அது.

சரி, மாற்றம் பிழையில்லாமல் நடந்தது என்று எப்படி அறிவது? ஆயிரம் பக்கத்தை யாரும் படித்துச் சரிபார்க்கமாட்டார்கள். முதல் சோதனை, திரும்பும் பயணம். யூனிகோடுக்கு வந்த கோப்பை, தலைகீழாக்கிய பட்டியலால் மறுபடி பாமினிக்குக் கொண்டுபோய், மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. > என்பது சங்கிலியில் சிக்கி இ ஆகியிருந்தால், திரும்பும்போது அது காற்புள்ளியாக வரும். மூலத்தில் > இருக்கும். பிழை மாட்டிக்கொள்ளும். இந்தச் சோதனைக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. 'கௌ', 'கெள' இரண்டும் ஒரே பாமினி எழுத்துகளுக்குத் திரும்புவதால், எதை எடுத்திருந்தாலும் தேறிவிடும். பிரிந்துபோன 'கொ'-வும் தேறிவிடும். எதுவும் தொலையவில்லை என்பதற்குத்தான் திரும்பும் பயணம் சாட்சி. சரியாக வாசித்தோமா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை மறுபடியும் இலக்கணம் தருகிறது. குறிக்குமேல் குறி ஏறியிருக்கிறதா, சொல்லின் தொடக்கத்தில் கொம்போ புள்ளியோ நிற்கிறதா, உயிரெழுத்து ஒன்று சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வந்திருக்கிறதா என்று கோப்பு முழுவதும் தேடலாம். தமிழில் உயிரெழுத்து சொல்லுக்கு முதலில்தான் வரும் என்பதால் 'கல்விஇ' உடனே மாட்டும். ஆனால் இங்கே நிதானம் வேண்டும். செய்யுளில் அளபெடை உண்டு. 'தழீஇ', 'நசைஇ' என்று சங்கப் பாடல்களில் இகரம் சொல்லின் இறுதியில் முறையாகவே நிற்கும். ஈகாரமும் ஐகாரமும் அளபெடுத்தால் இகரம்தான் பக்கத்தில் வரும். ஆகவே ஏற்கெனவே கெட்டுப்போன பக்கங்களில் சொல்லிறுதி இகரத்தை எல்லாம் காற்புள்ளி ஆக்கிவிடலாம் என்று ஒரு விதியை ஓட்டுவது ஆபத்து. உரைநடைக்கு நடுவே மேற்கோளாக வந்த பழம்பாட்டு சிதையும். கெட்டதைத் திருத்துவதைவிட மூலத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி மாற்றுவதே வழி.

மூலத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். சில இடங்களில் அங்கே > இருக்காது, காற்புள்ளியே இருக்கும். தட்டச்சு செய்தவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிக் காற்புள்ளியைப் போட்டிருப்பார். வெறும் உரையாகச் சேமித்தபோது எது பாமினி, எது ஆங்கிலம் என்ற குறிப்பு உதிர்ந்துவிட்டது. இந்த இ-க்கு நிரல் பொறுப்பில்லை. தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களுக்கும் இதே கதிதான். ஜி, ஏ, டி, ஈ என்று பெரிய எழுத்தில் 'கேட்' என்று இருந்தால் அது 'புயுவுநு' ஆகும். பழைய இணையப் பக்கங்களிலும் ஆவணங்களிலும் எழுத்துருவின் பெயர் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். அதைக் களையாமல் வைத்துக்கொண்டு, பாமினி என்று குறித்த பகுதிக்குள் மட்டும் பட்டியலை ஓட்டவேண்டும். பல மாற்றிகள் முதலில் அந்தக் குறிப்பைக் களைந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. அதுவே தவறான முதல் அடி.

கோப்பை எழுதும்போது ஒரு சிறு ஏற்பாடு தேவை. 'தமிழ்' என்பது பாமினியில் ஐந்து பைட். இன்று வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் பதினைந்து. எந்த முறையில் எழுதுவது என்று பெர்லுக்குச் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் அது பைட்டையே எழுத்தாக எண்ணிக்கொள்ளும், 'தமிழ்' என்பதன் நீளம் பதினைந்து என்று சொல்லும்.

கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றவும் பெர்லில் ஒரு தெரிவு இருக்கிறது. கட்டளைக்குப் பக்கத்தில் கோடிட்டு ஐ என்று எழுதினால் போதும், நூறு கோப்புகளையும் ஒரே வரியில் மாற்றிவிடும். அந்த ஐ-யோடு ஒரு பின்னொட்டையும் சேர்த்து எழுதினால், மூலக்கோப்பு அந்தப் பின்னொட்டோடு கூடிய பெயரில் தங்கும். மாற்றியது பழைய பெயரில் வரும். பின்னொட்டை விட்டுவிட்டால் மூலம் போய்விடும், கேட்காமலே போய்விடும். தமிழ்க் கோப்புகளுக்குப் பின்னொட்டு இல்லாமல் அந்தத் தெரிவை ஒருபோதும் ஓட்டவேண்டாம். மாற்றுப் பட்டியலையும் நிரலுக்குள் புதைக்காமல், வரிக்கொரு சோடியாகத் தனி உரைக்கோப்பில் எழுதி, மூலத்தோடு ஒரே உறையில் வைக்கவேண்டும். பெர்ல் தெரியாத தமிழாசிரியர் ஒருவரும் அதைத் திறந்து ஒரு வரியைத் திருத்தலாம். ஒரே திறவுகோல் இரண்டு வரிகளில் வந்தால் ஹாஷ் பிந்தியதை மட்டும் வைத்துக்கொண்டு முந்தியதைச் சொல்லாமல் விட்டுவிடும் என்பதால், பட்டியலைப் படிக்கும்போதே அப்படி இரட்டித்தவற்றைக் காட்டச் சொல்லி நிரலில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.